மாத்திரையின் மேல் விழுந்த பழி

நோயாளியின் வீட்டுக்குள் நம்பிக்கையோடு போங்கள் என்று இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலையில் இருந்த காலம் முழுக்க நான் சந்தேகத்தோடுதான் போனேன். கொடுத்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா, எதிர்வீட்டுக்காரர் என்ன சொல்லி வைத்திருக்கிறார், தலையணைக்கு அடியில் வேறு வைத்தியரின் பொட்டலம் ஏதும் இருக்கிறதா, "நல்லா இருக்கேன்" என்று சொல்கிறவர் யாருக்குக் கேட்கட்டும் என்று சொல்கிறார்? இப்படிப் பார்க்கத் தெரியாமல், மூச்சுக்குத் தவிக்கிற ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியாது. அதே சமயம் சந்தேகம் ஒரு வீட்டைப் பிடித்தால் என்ன பாடு படுத்தும் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாகலாபுரத்து வீட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நினைப்பது அதற்காகத்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அரசு ஆஸ்பத்திரியில் பல காலம் நர்ஸாக இருந்துவிட்டு, கோவில்பட்டியில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்திய வீட்டுப் பராமரிப்புக் குழுவில் சேர்ந்திருந்தேன். ஒரு டாக்டர், நான், வேன் ஓட்டுகிறவர், அவ்வளவுதான் குழு. இனிக் குணப்படுத்த வழியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்போம். பெரும்பாலும் புற்றுநோய்க்காரர்கள். அவர்களுடைய வலிக்கு மார்பின் மாத்திரை கொடுப்போம். அந்த மாத்திரையை வாங்கி வைப்பதற்கு எங்கள் டாக்டர் எத்தனையோ அலுவலகப் படிகளில் ஏறி இறங்கி அனுமதி பெற்றிருந்தார். ஊரில் அதற்கு வேறு பெயர் இருந்தது. 'கதையை முடிக்கிற மாத்திரை' என்றார்கள்.

தங்கவேல் அண்ணாச்சிக்குப் புற்றுநோய் இல்லை. நாகலாபுரத்தில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தவர். பல வருடப் பீடிப் புகையும் வத்தல் தூசியும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டிருந்தன. கட்டிலிலிருந்து இறங்கிக் கக்கூசுக்குப் போய்வந்தால், ஊரைச் சுற்றி ஓடிவந்தவர் போல இளைப்பார். ஒரு வாக்கியத்தை மூன்று தவணையாகச் சொல்வார். மூச்சு முட்டும்போது அவர் கண்ணில் தெரிகிற பயம் இருக்கிறதே, வலியில் துடிக்கிறவரிடம்கூட அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை.

மனைவி முன்பே இறந்துவிட்டார். கூட இருந்து பார்த்தது அவருடைய தங்கை பேச்சியம்மாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவர். அண்ணன் மகன் ராஜபாண்டியை வளர்த்ததும் அவர்தான். ராஜபாண்டி புதியம்புத்தூரில் தையல் யூனிட் வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் ஓடின. வாரக் கடைசியில் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவார். வருகிறபோதெல்லாம் ஏதாவது வாங்கிவருவார். தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் அப்படித்தான். கையில் சாமான் இல்லாமல் அவர்களால் அந்த அறைக்குள் நுழைய முடியாது.

எங்கள் டாக்டர் அண்ணாச்சிக்கு மார்பினை மிகக் குறைந்த அளவில் எழுதினார். வலிக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான். பேச்சியம்மாளை உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். இது மூச்சை நிறுத்தாது, மூச்சு முட்டுகிறது என்கிற தவிப்பைக் குறைக்கும் என்றார். பேச்சியம்மாள் தலையை ஆட்டினார். ஆனால் அந்த முகம் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்தடுத்துப் போகும்போது, "மாத்திரை குடுத்தீங்களாக்கா?" என்று கேட்பேன். "குடுத்தேன் நர்சம்மா" என்பார். என்னைப் பார்க்காமல் சொல்வார். அண்ணாச்சியின் தவிப்பும் குறைந்தபாடில்லை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வயிறு கட்டும். "வெளிக்குப் போறது எப்படி?" என்று கேட்டால், "ஒரு குறையுமில்ல" என்று பதில் வரும். டாக்டருக்குத் திருப்தி. எனக்கு இல்லை. அடுத்த தடவை பேச்சியம்மாளைத் தனியாகப் பிடித்துக் கேட்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்த அடுத்த தடவை வருவதற்குள் ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் அலுவலகத்துக்குப் போன் வந்தது. ராஜபாண்டி பேசினார்.

"எங்கப்பாவ என்ன பண்ணி வச்சிருக்கீங்க? கண்ணத் தொறக்க மாட்டேங்காவ. கூப்பிட்டா ஊங்காவ, பெறவு அப்படியே சாஞ்சிருதாவ. எங்கத்த வேல பாத்துச் சலிச்சுப்போயி மாத்திரைய அள்ளிக் குடுத்திருக்கா. குடுக்கச் சொன்னது நீங்கதான்."

டாக்டர் அன்று மதுரைக்குப் போயிருந்தார். அவரிடம் அப்போது செல்போன் கிடையாது. நான் மட்டும் வேனில் கிளம்பினேன். எட்டயபுரம் தாண்டி, இருபுறமும் வெடித்துக் கிடந்த கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டே போகும்போது ஒரே யோசனைதான். இந்த வீட்டிலிருந்து போலீசுக்கு ஒரு புகார் போனால் போதும், எங்கள் அலமாரியைப் பூட்டிவிடுவார்கள். விளாத்திகுளத்திலும் கழுகுமலையிலும் இந்த மாத்திரையை நம்பி வலியில்லாமல் படுத்திருக்கிற அத்தனை பேரும் மறுபடி கத்த ஆரம்பிப்பார்கள்.

வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வத்தல் மூட்டைகளுக்கு நடுவே நடந்து போனேன். ராஜபாண்டி நிலைப்படியில் வழிமறித்து நின்றார்.

"உள்ள வாங்க சிஸ்டர். ஆனா அந்தப் பைய இங்கன வச்சிட்டு வாங்க."

இத்தனை வருட வேலையில் என் பையை யாரும் அப்படி வாங்கி வைத்ததில்லை. முகம் சூடானது. ஆனாலும், "சரி தம்பி, டார்ச்ச மட்டும் எடுத்துக்கிடுதேன்" என்று பையை அவர் காலடியில் வைத்தேன்.

அண்ணாச்சியைக் கட்டிலில் தலையணைகளுக்கு மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. முகம் சிவந்து வியர்த்திருந்தது. மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர். போன முறை நான் வந்தபோது அது இல்லை. பேச்சியம்மாள் அடுப்படிக் கதவோரம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். அண்ணாச்சியின் பெரியப்பா மகன் சோலையப்பன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர் விவகாரங்களில் முன்னால் நிற்கிற ஆள்.

"ஏலே ராஜபாண்டி, இந்தம்மாகிட்ட என்னத்தப் பேச்சு? ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வந்துருவோம்" என்றார் அவர்.

நான் அண்ணாச்சியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். மார்பின் கூடிப்போயிருந்தால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை. சாதாரணமாக இருந்தது. உடனே எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. மாத்திரை குற்றமற்றது என்று ஆக வேண்டும் என்பது என் ஆசை. ஆசைப்படுகிறவளின் கண் எதையும் பார்க்கும். மறு கண்ணைத் திறந்து பார்த்தேன். ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு இரண்டையும் மறுபடி பார்த்தேன். சுருங்கவில்லை.

கையைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. நாடி துள்ளித் துள்ளி அடித்தது. தோளைப் பிடித்து உலுக்கி, "அண்ணாச்சி, கைய முன்னால நீட்டுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். பாதிக் கண் திறந்து நீட்டினார். விரித்த கை மணிக்கட்டில் மடங்கி மடங்கி விழுந்து எழுந்தது. இந்த அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு கதை வருகிறது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லுமுன் ஒன்றை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது.

"அக்கா, வெந்நி வேணும். வாங்க" என்று பேச்சியம்மாளை அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.

"எத்தனை குடுத்தீங்கன்னு நான் கேக்கல. குடுத்தீங்களான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து காட்டினார். நாங்கள் கொடுத்த மாத்திரைகள் கவர் கிழியாமல் உள்ளே இருந்தன.

"ஒண்ணுகூடக் குடுக்கல நர்சம்மா. அதக் குடுத்தா தூக்கத்துலயே போயிருவாகன்னு பஸ்ஸுல ஒருத்தி சொன்னா. என் கையால எப்படிக் குடுக்க? உங்ககிட்டப் பொய் சொன்னேன். இப்போ இவனுவ என்னயக் கொலகாரிங்கானுவ."

"இத அங்க சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, வைத்தியம் பாக்காம சாகப் போட்டுட்டாம்பானுவ. எனக்கு எந்தப் பக்கமும் வழியில்ல."

சரிதான். மாத்திரையைக் கொடுத்திருந்தாலும் பழி, கொடுக்காவிட்டாலும் பழி. நான் திரும்பி அறைக்குள் வந்து, முதல் முறையாக அந்தச் சிலிண்டரை நேராகப் பார்த்தேன். ஆக்ஸிஜன் போகிற வழியில் இருக்கும் தண்ணீர் பாட்டில் உலைநீர் மாதிரி கொப்பளித்துக்கொண்டிருந்தது. அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் சின்னக் குண்டு உச்சியில் போய் முட்டி நின்றது.

"இது எப்போ வந்துச்சு தம்பி?"

"நேத்துத் தூத்துக்குடியில இருந்து நாந்தான் கொண்டாந்தேன். ராத்திரி பூராவும் வச்சோம். காலைல மயக்கமா இருந்தாவன்னு ஃபுல்லாத் தெறந்துவிட்டேன். அதனாலதான் உசிரு நிக்கி."

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். இந்த மாதிரி நைந்துபோன நுரையீரல் உள்ள சிலருக்கு ஆக்ஸிஜனை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால், கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். முகம் சிவக்கும், வியர்க்கும், கை மடங்கி விழும், ஆள் மயங்கிக்கொண்டே போவார். அப்படியே விட்டால் எழுந்திருக்கவும் மாட்டார். அந்த வீட்டில் எல்லாருடைய கண்ணும் மாத்திரையின் மேல் இருந்தது. அது சுருக்குப்பைக்குள் சும்மா கிடந்தது. யாரும் சந்தேகப்படாத ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கிற கருவி அன்று எங்களிடம் கிடையாது. என்னிடம் இருந்தது ஒரு டார்ச்சும் என் கையும்தான். "ஆக்ஸிஜனக் குறைக்கணும் தம்பி" என்றேன்.

ராஜபாண்டி சிலிண்டருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"மூச்சுக்குத் தவிக்கிற மனுசனுக்கு ஆக்ஸிஜனக் குறைக்கணுமா? மாத்திரைல முடியல, அதனால இப்போ இது ஒரு வழியா?"

வெளியே நின்றவர்களில் நாலைந்து பேர் உள்ளே நகர்ந்து வந்தார்கள். சோலையப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அந்த இடத்தில் விளக்கம் எடுபடாது. கரியமில வாயுவைப் பற்றி நான் எவ்வளவு அழகாகப் பேசினாலும், பேசுகிறவள் பையை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லப்பட்டவள். அவர் கையைத் தள்ளிவிட்டுச் சிலிண்டரின் குமிழைத் திருகினாலோ அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் காத்திருக்கவும் முடியாது. நான் இரண்டு எட்டு பின்னால் வைத்து, சுவரோடு போய் நின்றுகொண்டேன்.

"நான் தொடல. நீங்களே திருப்புங்க. ஒரேயடியா மூடாதீங்க, அதுவும் ஆபத்து. கொஞ்சங் கொஞ்சமாக் குறைங்க. ஒவ்வொரு தடவையும் உங்கப்பா மூஞ்சியப் பாருங்க. கெட்டுப்போறாவன்னு உங்களுக்குப் பட்டுச்சுன்னா நீங்களே கூட்டிக்கிடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேன் வாசல்ல நிக்கி. இதுல தெளியலன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம், நானும் கூட வாரேன். ஆனா இப்படியே தெறந்து வச்சிட்டுப் போனா நாம போயிச் சேருததுக்குள்ள அவிய இருக்க மாட்டாவ."

அவர் என்னைப் பார்த்தார். என்னைச் சந்தேகப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் தன் கையைச் சந்தேகப்பட முடியாதல்லவா? மெதுவாகக் குமிழைப் பிடித்தார்.

குழாய்க்குள் குண்டு கொஞ்சம் இறங்கியது. நான் கட்டிலுக்குப் போய் அண்ணாச்சியை நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, தலையணை வைத்துக் கையை ஊன்றச் செய்தேன். மேஜை மின்விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பினேன். "அண்ணாச்சி, தூங்காதீங்க, இழுத்து விடுங்க, ஊதி விடுங்க" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். உதட்டின் நிறத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குண்டு இன்னும் இறங்கியது. கொப்பளிப்பு அடங்கி, குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைப்பக்கம் யாரோ வத்தல் நெடியில் தும்மினார்கள். என் மனசுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது: நீ நினைத்தது தப்பாக இருந்தால்?

நேரம் போயிற்று. எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. முதலில் தாடை நெஞ்சிலிருந்து எழுந்தது. பிறகு கண் திறந்தது. மூடிக்கொண்டது. மறுபடி திறந்து, கூடிநின்ற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

"என்னலே… கூட்டம்? யாரு… செத்துட்டா?"

பேச்சியம்மாள் ஓவென்று அழுதுவிட்டார். ராஜபாண்டி குமிழிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார். சோலையப்பன் மட்டும் தலையை ஆட்டி, "பாத்தியா, மாத்திர மயக்கம் தெளிஞ்சிட்டு" என்றார். கூட்டமும் ஆமாம் ஆமாம் என்றது. ஒரு சந்தேகம் ஊன்றிவிட்டால் கண்முன் நடப்பதைக்கூடத் தனக்கு உரமாக்கிக்கொள்ளும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தி சாயும்வரை கூடவே இருந்துவிட்டு நான் வேனில் ஏறப் போகும்போது பேச்சியம்மாள் பின்னாலேயே வந்தார்.

"அந்தச் சிலிண்டராலதான வந்துச்சு?"

"ஆமாக்கா."

"அவன்கிட்டச் சொல்லாதீங்க நர்சம்மா. பெத்த தகப்பன நாமளே கொல்லப் பாத்தோம்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான். பழி என்கூடவே இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். அவர், "பெரிய மனசுதான். ஆனா அடுத்த வாரம் மூச்சு முட்டும்போது அந்தக் குமிழ்கிட்ட யாரு நிப்பா?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. இரக்கத்துக்காக மறைத்த உண்மை இரண்டாம் முறை ஆளைக் கொன்றுவிடும். இரண்டு பேரும் நாகலாபுரம் கிளம்பினோம். டாக்டர் அண்ணாச்சியோடு உள்ளே இருக்க, நான் ராஜபாண்டியைக் கடைக்குப் பின்னால் வத்தல் காயப்போடும் களத்துப் பக்கம் அழைத்துப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"சொல்ல வேண்டாம் சிஸ்டர். திருப்புனது என் கைதான. நான் திருப்பத் திருப்ப அப்பா முழிச்சு வந்தாவ. எனக்குத் தெரியாதா?"

"தெரியாம செஞ்சது தம்பி. பாசத்துல செஞ்சது. இனிமே அளவு தெரிஞ்சு வைப்போம்."

"அப்போ அத்த குடுத்த மாத்திர?"

"அவிய ஒண்ணுகூடக் குடுக்கல. பயந்து எடுத்து வச்சிருக்காவ."

அவர் திகைத்துப் பார்த்தார். "பெறவு ஏன் நேத்து அத்தன பேரு ஏசும்போதும் வாயத் தொறக்காம நின்னா?"

"மொதல்ல பயம். அண்ணாச்சி முழிச்ச பெறகு, உங்களுக்காக."

அவர் களத்தில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து, பேச்சியம்மாளிடம் எதுவும் சொல்லாமல், "அத்த, அந்த மாத்திரைய எடுங்க. டாக்டர் சொல்லுதத ரெண்டு பேரும் கேப்போம்" என்றார். மன்னிப்பு என்கிற சொல்லை அந்த வீட்டில் நான் கேட்கவேயில்லை.

அன்றைக்கு முதல் மாத்திரையைப் பேச்சியம்மாள் தன் கையாலேயே கொடுத்தார். ராஜபாண்டி பக்கத்தில் நின்று பார்த்தார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது அண்ணாச்சி ஸ்டூலில் கையூன்றி உட்கார்ந்து கடைக்கணக்குப் பையனை ஏசிக்கொண்டிருந்தார். எப்படியிருக்கு என்று கேட்டேன்.

"மூச்சு… பழையபடிதான் வாங்குது. ஆனா அது என்னய… வெரட்ட மாட்டேங்கு."

மூச்சுத்திணறலுக்கு நாம் செய்கிற வேலை என்னவென்று உங்களிடம் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

பிறகும் சில மாதங்கள் இருந்தார். வத்தல் வரத்து தொடங்கிய மாசியில், ஒரு காலை நேரம், காப்பி குடித்து, தங்கை கொடுத்த மாத்திரையை விழுங்கி, மின்விசிறிக்கு முன்னால் தலையணையில் சாய்ந்தபடியே போய்விட்டார். தவிப்பில்லை. பயமில்லை. பேச்சியம்மாள் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

செய்தி கிடைத்து நான் போனபோது பெண்கள் கூடியிருந்தார்கள். பேச்சியம்மாள் உடலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். புதியம்புத்தூரிலிருந்து ராஜபாண்டி வந்து இறங்கியது எனக்குப் பிறகுதான். பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடிவந்த புழுதிக் காலோடு அவர் உள்ளே நுழைந்ததை நான் பார்த்தேன். சோலையப்பனும் பார்த்தார். அப்பாவின் முகத்தைத் தொட்டு அழுது முடித்து அவர் எழுந்தபோது, சோலையப்பன் பேச்சியம்மாளை ஓரக்கண்ணால் பார்த்தபடியே கேட்டார்.

"கடைசியா மாத்திர குடுத்தது யாருலே?"

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பேச்சியம்மாள் தலையைக் குனிந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நாந்தான் சித்தப்பா குடுத்தேன்" என்றார் ராஜபாண்டி. "என் கையால குடுத்தேன். இப்போ என்ன?"

சோலையப்பன் அவருடைய புழுதிக் காலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச்சியம்மாள் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ராஜபாண்டி அதில் உட்கார்ந்துகொண்டார்.